குடியிருந்துகொண்டே கட்டிய வீடு

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

காலை ஆறரை மணி. டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தம்பி இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குழந்தைக்கு நாற்பத்தைந்து நாள் ஊசி போடப் போயிருக்கிறார்கள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக் கேட்டிருக்கிறார். எக்கோ எடுத்ததில், இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். டாக்டர் நிதானமாகத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டில்தான் நிதானம் போய்விட்டது.

"கிரகணத்தன்னிக்கு இவ வாசல்ல போயி நின்னான்னு எங்க அம்மா சொல்லுது. உங்க வம்சத்துல யாருக்கு இருக்குன்னு அவங்க வீட்டுல கேக்கறாங்க. அவ அழுதுகிட்டே இருக்கா. நீங்க ஜூவாலஜி வாத்தியாரு. இது யாரால சார் வந்துச்சு?"

முப்பது வருடம் கருவளர்ச்சிப் பாடம் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை வகுப்பில் எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை. இரண்டு டீ சொல்லிவிட்டு, முட்டையிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கல்லூரியில் மூன்றாம் வருட மாணவர்களுக்குக் கோழிக்கருவைக் காட்டுவோம். 24 மணி, 48 மணி, 72 மணி என்று கண்ணாடித் தகடுகள் உண்டு. அவை செத்த கரு. சில வருடங்களில், அடை வைத்த முட்டையையே கொண்டுவந்து, மூன்றாம் நாளில் ஓட்டை மெதுவாகச் சுரண்டி, ஒரு ரூபாய் அளவுக்கு ஜன்னல் திறந்து காட்டியிருக்கிறேன். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலில் கோலம் போட்டதுபோல் இரத்தக் குழாய்கள். நடுவில் ஒரு பொட்டு துள்ளிக்கொண்டிருக்கும். 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் இப்படி முட்டையை உடைத்துப் பார்த்துத்தான், மூன்றாம் நாளில் இதயம் ஓர் இரத்தப் பொட்டாகத் துடிக்கிறது என்று எழுதி வைத்தார். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த இடத்தில் வகுப்பு அடங்கிவிடும்.

அந்தப் பொட்டுக்கு அப்போது நான்கு அறைகள் கிடையாது. கதவுகள் கிடையாது, நடுச்சுவர் கிடையாது. வளைந்த ஒரு குழாய், அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை நாளிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மனிதக் கருவிலும் இதே கதைதான். கரு உண்டாகி ஏறக்குறைய 22 நாளில் இதயம் துடிக்கிறது. தாய்க்கு நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கருவின் மொத்த நீளமே எள்ளளவு. அதற்குப் பிறகு ஐந்து வாரத்தில் அந்தக் குழாய் வளைந்து, உப்பி, நடுவில் சுவர் எழும்பி, கதவுகள் முளைத்து, நான்கு அறை இதயமாகிவிடுகிறது. இத்தனை வேலையும் துடிப்பு ஒரு கணமும் நிற்காமல் நடக்கிறது.

"ஆளுங்க குடியிருக்கும்போதே வீட்டை இடிச்சுக் கட்டற மாதிரி" என்றான் தம்பி. அவன் கட்டட வேலைக்குக் கம்பி கட்டுபவன். அதைவிடச் சரியாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் உவமையையே பிடித்துக்கொண்டேன். கட்டுகிற இடத்தில் மேஸ்திரி இருப்பார் இல்லையா? இதயத்துக்கும் மேஸ்திரிகள் உண்டு. அவை சில மரபணுக்கள். தாங்களாகச் செங்கல் தூக்காது; எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று ஏவிக்கொண்டிருக்கும். பழ ஈயில் அப்படியொன்றைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதானால் ஈக்கு இதயமே உருவாவதில்லை. ஒரு பிரபலமான கதையில் வரும் இதயமில்லாத தகர மனிதனின் நினைவாக அதற்கு 'டின்மேன்' என்று பெயர் வைத்தார்கள். நம் உடம்பில் அதன் உறவுக்காரர் என்கேஎக்ஸ் 2-5. மேலறைச் சுவரில் ஓட்டையும் துடிப்பின் மின்னோட்டத்தில் தடையும் தலைமுறை தலைமுறையாக வரும் சில குடும்பங்களில் இந்த மரபணு பழுதாகியிருப்பதை 1998-இல் கண்டார்கள். டிபிஎக்ஸ் 5 என்று இன்னொன்று. அது பழுதானால் இதயச் சுவரோடு கைவிரலும், குறிப்பாகக் கட்டைவிரலும், பாதிக்கப்படும். ஹோல்ட்–ஓரம் நோய் என்று பெயர். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் டவுன் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கிறது.

"அப்ப வம்சம்தானே சார்?" என்று கேட்டான். குரல் இறங்கிவிட்டது.

பொறு என்றேன். ஹோல்ட்–ஓரம் குடும்பத்தையே எடுத்துக்கொள். ஒரே பழுது, ஒரே வீடு. அப்பாவுக்குக் கட்டைவிரலில் மட்டும் சின்ன மாறுதல் இருக்கும். மகளுக்கு இதயச் சுவரில் பெரிய ஓட்டை இருக்கும். மேஸ்திரி ஒருவர்தான், கட்டடம் இரண்டு விதம். அப்படியானால் அந்த இடத்தில் கட்டளை போடுகிற வேறு யாரோ இருக்க வேண்டும்.

அந்த வேறு யாரோ, ஓடுகிற இரத்தம்தான்.

இதைச் சொன்னால் முதலில் நம்புவது கடினம். இரத்தத்தை ஓட்டுவதற்குத்தானே இதயம்? இதயத்தை இரத்தம் எப்படிக் கட்டும்? எனக்கும் அது உறைக்க நாளாயிற்று. உறைக்க வைத்தது வரிக்குதிரை மீன். விரல் நீளமே உள்ள சின்ன மீன். நம் நாட்டு ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் இருப்பதுதான், இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. அதன் கரு கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். இன்னொரு வசதி, அந்தக் கரு அவ்வளவு சிறியது என்பதால் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே தோல் வழியாகப் பிராணவாயு ஊறிவிடுகிறது. முதல் சில நாட்களுக்கு இரத்தம் ஓடாவிட்டாலும் அது உயிரோடிருக்கும். தேவையே இல்லாத அந்த நாட்களிலும் அதன் இதயம் துடிக்கிறது. எதற்காகத் துடிக்கிறது?

அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தார் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மீன் கருவின் இதயத்துக்குள் இரத்தம் நுழையும் வழியில், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள கண்ணாடி மணி ஒன்றை வைத்து ஓட்டத்தை அடைத்தார்கள். சில கருக்களில் வெளியேறும் வழியை அடைத்தார்கள். மரபணுவில் எதையும் தொடவில்லை. ஆனாலும் அந்த இதயங்கள் சரியாக வளையவில்லை, கடைசி அறை உருவாகவில்லை, கதவுகள் அமையவில்லை. மேஸ்திரிகள் எல்லோரும் ஆஜர், வரைபடம் கையில், ஆனால் இரத்தம் வந்து உரசாததால் வேலை நின்றுபோயிற்று.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 'மௌன இதயம்' என்று பெயரிட்ட ஒரு வகை மீன் கருவில், தசை சுருங்குவதற்கு வேண்டிய ஒரு புரதத்தின் மரபணு பழுது. அந்த இதயம் துடிக்காது. கதவு கட்டும் மரபணுவில் குறை எதுவும் இல்லை. அங்கேயும் கதவுக்கான மெத்தை எழும்புவதில்லை. ஓட்டத்தின் உரசல் மட்டுமல்ல, தசை இழுத்து விடுகிற அந்த இழுவையும் ஒரு கட்டளைதான்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கதவு உருவாகிற கதை. தம்பிக்கு அதை விரிவாகச் சொன்னேன். டீ மாஸ்டரும் கையை நிறுத்திக் கேட்டார். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு குறுகிய வாசல் இருக்கிறது. கதவு இன்னும் இல்லை. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் உள்ளே போய், கொஞ்சம் திரும்பி வருகிறது. மதகில் பலகை போடாத வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து வருவதுபோல. வாசலின் உள்விளிம்பில் வரிசையாக அமர்ந்திருக்கும் செல்கள் இந்தப் போக்குவரத்தை உணர்கின்றன. முன்னே ஓர் உரசல், பின்னே ஓர் உரசல். அந்த முன்பின் உரசல் விழுகிற இடத்தில்தான் கேஎல்எஃப்2ஏ என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அதன் பின்னால் கதவு முளைக்கிறது. திரும்பி வரும் ஓட்டத்தைச் சோதனையில் குறைத்துப் பார்த்தார்கள். மரபணு மங்கிற்று, கதவும் சரியாக வரவில்லை. ஒழுகுவதே கதவை வரவழைக்கிறது. கதவு வந்ததும் ஒழுக்கு நிற்கிறது.

"செல்லுக்கு எப்படி சார் தெரியும்?"

நல்ல கேள்வி. செல்லின் மேல்தோலில் சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன. தோலை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். திறந்தால் கால்சியம் உள்ளே பாயும். உள்ளே இருக்கும் மரபணுக்களுக்கு அதுவே செய்தி. இப்படித் திறக்கும் வழிகளில் பியசோ 1, பியசோ 2 என்ற இரண்டை ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010-இல் கண்டுபிடித்தார்கள்; 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாம் ஒருவரைத் தொடும்போது விரலுக்குத் தெரிவது இதில் ஒன்றால். மீன் கருவில் இதயக் கதவு அமைவதற்கு மற்றொன்று தேவைப்படுகிறது.

ஆகவே மரபணு ஒரு பக்கம், விசை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். மரபணு தசையைச் செய்கிறது, தசை துடிக்கிறது, துடிப்பு இரத்தத்தைத் தள்ளுகிறது, இரத்தம் சுவரை உரசுகிறது, உரசல் போய் அடுத்த மரபணுவை எழுப்புகிறது. சுற்றிச் சுற்றி வரும் பேச்சு இது. எங்கே முதலில் பிசகிற்று என்று கடைசியில் நின்று பார்த்துச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம்.

மீன் சரி, மனிதருக்கு? டெல்டாக்காரனுக்கு இதைச் சொல்வது எளிது. தண்ணீர் வராத வாய்க்கால் என்ன ஆகும்? தூர்ந்துபோகும். கருவில் இடப்பக்க இதயக் கதவு குறுகிவிட்டால், இடது கீழறைக்குள் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்த அறை வளராமல் நின்றுவிடும். பிறக்கும்போது குழந்தைக்கு அரை இதயம்தான் இருக்கும். கோழிக்கருவில் இடது மேலறையை நூலால் சற்றே இறுக்கி இதே நிலையை 1973-இலேயே உருவாக்கிக் காட்டினார்கள். பிறகு மருத்துவர்கள் துணிந்து கேட்டார்கள்: அப்படியென்றால் வயிற்றுக்குள்ளேயே தூர் வாரினால்? தாயின் வயிறு வழியாக ஊசி செலுத்தி, கருவின் இதயக் கதவைச் சிறு பலூனால் விரிக்கும் முயற்சியை லண்டன் மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்டார்கள். பின்னர் பாஸ்டனில் அது தொடர்ந்து செய்யப்பட்டது. சில குழந்தைகளின் இடது அறை மறுபடி வளர்ந்தது. சிலருக்கு வளரவில்லை. தண்ணீர் விட்டும் வாய்க்கால் எழும்பாத இடங்களில் மண்ணிலேயே குறை இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு சாட்சி, ஒரே நஞ்சுக்கொடியைப் பங்குபோடும் இரட்டைக் கருக்கள். ஒரே கருமுட்டை பிரிந்ததால் இருவருக்கும் மரபணுக்கள் ஒன்றுதான். சில சமயம் நஞ்சுக்கொடியில் குழாய்கள் இணைந்து, ஒரு கருவின் இரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாங்குகிற கருவின் இதயம் அளவுக்கு மீறிய இரத்தத்தைச் சுமந்து தடித்துப்போகிறது. சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் வழி குறுகிவிடுகிறது. கொடுக்கிற கருவுக்கு அது வருவதில்லை. மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் இரண்டு இதயங்கள் இரண்டு விதமாயின. இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டீ மாஸ்டர் அடுத்த டீயை ஆற்றினார். உயரத்திலிருந்து விழும் அந்த வார் முறுக்கிக்கொண்டே வந்ததைக் காட்டினேன். கோழிக்கருவின் இதயத்திலிருந்து வெளியேறும் ஒரே குழாயில் இரண்டு ஓட்டங்கள் கலக்காமல், ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதை 1932-இல் பிரெமர் என்பவர் எழுதினார். பின்னால் அந்தக் குழாயை இரண்டாகப் பிரிக்கும் சுவரும் அதேபோல் முறுக்கித்தான் அமைகிறது. ஓட்டம் மட்டும் சுவரைக் கட்டுவதில்லை. கழுத்துப் பக்கமிருந்து நகர்ந்து வரும் நரம்பு முகட்டுச் செல்கள் கட்டாயம் வேண்டும். 1983-இல் மார்கரெட் கிர்பி கோழிக்கருவில் அந்தச் செல்களை நீக்கிப் பார்த்தபோது குழாய் பிரியவே இல்லை.

இப்போது தம்பியின் குழந்தைக்கு வந்தேன். நெதர்லாந்தின் லைடன் நகரில் கோழிக்கருவுக்கு மையைச் செலுத்தி, எந்தக் குழாயில் வரும் இரத்தம் இதயத்துக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார்கள். பிறகு மஞ்சள் கருவிலிருந்து வரும் குழாய்களில் ஒன்றை மட்டும் நுண்ணிய கவ்வியால் அடைத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை, சுற்றி வேறு வழியில் இதயத்துக்கு வந்து சேர்ந்தது. தடம் மட்டும் மாறிற்று. அந்தக் கருக்கள் வளர்ந்தபோது பலவற்றில் கீழறைச் சுவரில் ஓட்டை இருந்தது. உன் குழந்தைக்கு இருக்கும் அதே வகை.

"யார் சார் அந்தத் தடத்தை மாத்துனது?"

யாரும் மாற்றவில்லை, தம்பி. கீழறைச் சுவர் அடியிலிருந்து எழும்பி வரும். நடுவிலிருந்து மெத்தைபோல் ஒன்று வரும். மேலே வெளியேறும் குழாயின் சுவர் இறங்கி வரும். மூன்றும் கரு உண்டான ஏழாவது வாரம் வாக்கில் ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். அந்தக் கருவின் நீளம் அப்போது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அதன் இதயம் நிமிடத்துக்கு நூறுக்கு மேல் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு நடுவே மூன்று சுவர்கள் மயிரிழை தவறாமல் ஒட்ட வேண்டும். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒரு குறை நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு எல்லாம் ஒட்டிவிடுகிறதே என்பதுதான் எனக்கு இன்றும் பிரமிப்பு. உன் பிள்ளைக்கு யாரும் ஓட்டை போடவில்லை. எல்லோருக்கும் இருந்த ஓட்டை. அவனுக்கு அடைபடாமல் நின்றிருக்கிறது.

தாயின் உடம்பில் காரணம் இருக்கும் சில நிலைமைகளும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கருவுண்டான ஆரம்ப வாரங்களில் ரூபெல்லா அம்மை வந்தால் இதயம் பாதிக்கப்படும் என்பது 1941-இல் ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கவனித்ததிலிருந்து தெரியும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள், மது இவையும் சேரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதாலும் வாய்ப்பு கூடுகிறது. அவன் மனைவிக்கு இவற்றில் எதுவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படி இதுதான் என்று சுட்ட எதுவும் இருப்பதில்லை.

பிறந்தபோது ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டான். பிரசவம் பார்த்தவர்கள் மேல் அவனுக்குக் கோபம். வயிற்றுக்குள் நுரையீரலில் காற்று இருக்காது. அதன் குழாய்களில் அழுத்தம் அதிகம். பிறந்த பின்னும் சில வாரம் வரை வலப்பக்க அழுத்தம் முழுதாக இறங்குவதில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஓட்டை வழியே இரத்தம் பாயாது, பாயாவிட்டால் சத்தம் கேட்காது. ஒன்று, ஒன்றரை மாதத்தில் வலப்பக்கம் தணிகிறது. அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து இரத்தம் பீறிட்டுச் சீறுகிறது. குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவதுபோல, சின்ன ஓட்டைக்குத்தான் சத்தம் பெரிது. டாக்டர் இரண்டு தரம் குழல் வைத்துக் கேட்டது அதைத்தான். சுவரின் தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தாமாகவே அடைபட்டுவிடும். அதற்காகத்தான் மூன்று மாதம் என்கிறார். தேதியைத் தவறவிடாதே; பால் குடிக்கும்போது வியர்த்தால், மூச்சு வாங்கினால், எடை ஏறாவிட்டால் தேதி வரை காத்திருக்காதே. அடுத்த பிள்ளை உண்டாகும்போது ஐந்தாம் மாதத்தில் கருவுக்கே எக்கோ எடுத்துப் பார்க்கலாம்.

அவன் பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "இதை எங்க அம்மாகிட்ட வந்து சொல்ல முடியுமா சார்?" என்றான்.

அன்று சாயங்காலமே போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வெடுக்கென்று பேசுகிறவர்கள்தான், ஆனால் பேரன் மேல் உயிர். மருமகள் உள்ளே குழந்தையோடு இருந்தாள். நான் முட்டையையும் மீனையும் எடுக்கவில்லை. "கிரகணம் வந்தப்ப அவளுக்கு எத்தனாவது மாசம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏழு. வளைகாப்புக்கு நாள் பார்த்துகிட்டிருந்தோம்."

"இதயத்துல சுவரு எழும்பற வேலை இரண்டரை மாசத்துக்குள்ள முடிஞ்சிடும்மா. அவ உங்ககிட்ட முழுகாம இருக்கேன்னு சொன்னது எப்ப?"

அந்த அம்மா வலது கைக் கட்டைவிரலை வைத்து விரல் கணுக்களை எண்ணத் தொடங்கினார்கள். ஆடி, ஆவணி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து, மூன்றாவது கணுவில் விரல் நின்றது. இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணினார்கள். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏ புள்ள, சாருக்கு டீ நான் போடறேன். நீ கொழந்தையைத் தூக்கிட்டு வந்து இப்படிக் காத்தாட உக்காரு" என்றார்கள்.